புலியூருக்கு வந்த பிள்ளை

தில்லை, புலியூர் என்றெல்லாம் பேர் பெற்ற சிதம்பரத்தின் தலபுராணத்தில் வடக்கிலிருந்து ஒரு பிள்ளை வருகிறான். பெயர் சிங்கவன்மன். கௌட நாட்டு அரசனின் மகன். இன்றைய வங்காளப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பில் நோய். இந்த உடம்போடு அரியணை ஏறுவதில்லை என்று நாட்டைத் தம்பிகளுக்கு விட்டுவிட்டுத் தெற்கே கிளம்புகிறான். தில்லைவனத்தில் புலிக்கால் முனிவரைப் பார்க்கிறான். சிவகங்கைக் குளத்தில் மூழ்கி எழும்போது மேனி பொன்னாகிவிடுகிறது. அன்றுமுதல் அவன் இரணியவன்மன். முனிவர் வீட்டில் உபமன்யு என்று பெற்ற பிள்ளை ஏற்கெனவே இருக்கிறான். அப்படியும் வந்தவனைத் தங்கள் மகனாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். 14-ம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் கோயிற்புராணத்தில் பாடிவைத்த கதை இது.

பக்திக் கதையாகத்தான் கேட்டிருப்போம். ஒரு தடவை குடும்பக் கதையாகவும் படித்துப் பார்க்கலாம். கௌட நாட்டில் அப்பா இறந்துபோகிறார். பிள்ளையை அழைத்துப்போக வசிட்டர் வருகிறார். ‘சோறு போட்டு வளர்த்தது நாங்கள், அவன் எங்கள் பிள்ளை, அனுப்பமாட்டோம்’ என்று இங்கே யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. அவன் போகிறான், நாட்டைத் தம்பிகளிடம் ஒப்படைக்கிறான், திரும்பி வருகிறான். வரும்போது தில்லை மூவாயிரவரையும் கூட்டிக்கொண்டு வருகிறான். இன்றைக்கு நடராசர் கோயிலில் பூசை செய்யும் தீட்சிதர்கள் அந்த வழி வந்தவர்கள் என்பது புராணத்தின் கணக்கு.

ஜெர்மானிய வரலாற்றாய்வாளர் ஹெர்மன் குல்கே இந்தக் கதைக்குப் பின்னால் முதலாம் குலோத்துங்கனைப் பார்த்தார். 1070-ல் சோழ அரியணை ஏறிய குலோத்துங்கன், அப்பா வழியில் வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியன். அம்மா, ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கதேவி. வெளியிலிருந்து வந்தவனை உள்ளூர் ஏற்றுக்கொள்ள ஒரு கதை வேண்டியிருந்தது. இரணியவன்மன் கதை அதற்கு உதவியது என்பது குல்கேயின் வாதம். அதே குலோத்துங்கனுக்குக் காம்போச நாட்டு அரசன் அனுப்பிய கல்லைச் சிதம்பரம் கோயிலில் பதித்ததாக 1114-ம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அந்நியத்தைச் சுவரிலேயே வைத்துக் கட்டிய ஊர் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். வீட்டுக்குள் வரும்போதுதான் நமக்குத் தடுமாற்றம்.

மறுமணம் இப்போது சிறு நகரங்களிலும் பேசக்கூடிய சங்கதியாகிவிட்டது. பேசாமல் விடுவது, அந்த மறுமணத்தோடு வீட்டுக்குள் வந்து நிற்கும் பதின்வயதுப் பிள்ளையைப் பற்றி. அவன் வேறு மொழியில், வேறு ஊரில், வேறு சோற்றில் வளர்ந்தவனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கடலூர் மாவட்டத்துக்கு இது புதுசு என்று சொல்வதற்கில்லை. நெய்வேலிச் சுரங்கம் பல மாநிலத்தாரை ஒரே நகரியத்தில் குடிவைத்தது. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மலேசியாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மாணவர்களை இழுத்தது. பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் கடல் கடந்து பிழைக்கப் போனவர் இல்லாத தெரு அபூர்வம். கடலூரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி எல்லை. அங்கே, பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்க சைகோன் போன தமிழர்கள் வியட்நாமிய மனைவியரோடும் பிள்ளைகளோடும் ஊர் திரும்பினார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று வளர்ந்தவர்கள். அவர்களைப் பற்றி நாம் எழுதிவைத்தது மிகக் குறைவு.

கடல் கொடுத்த மறுமணங்கள்

இந்த மாவட்டத்தில் மாற்றாந்தாய் வீடுகள் ஒரே சமயத்தில் பல உருவான காலம் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. ஆக்ஸ்ஃபாம் 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர். தேவனாம்பட்டினத்தில் மட்டும் 42 பெண்கள், 21 ஆண்கள். ஆண்களில் பலர் கடலுக்குள் படகில் இருந்தார்கள். ஆழ்கடலில் அலை உயரம் தெரியாது. பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளுக்கு வேகம் எங்கிருந்து வரும்?

அதன் பிறகு மனைவியை இழந்த ஆண்கள் பலர் மறுமணம் செய்துகொண்டார்கள். சமைக்க ஆள் வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று உறவுக்குள்ளேயே பேசி முடித்த கல்யாணங்கள் அதில் உண்டு. அம்மாவைக் கடல் கொண்டுபோன துக்கம் ஆறுமுன் இன்னொரு பெண் அதே அடுப்படியில் நின்றாள். அவள் மேல் தப்பில்லை, பிள்ளை மேலும் தப்பில்லை. நிவாரணக் கணக்கில் படகு இருந்தது, வலை இருந்தது, வீடு இருந்தது. இந்த இருவரையும் உட்காரவைத்துப் பேச ஒரு ஆள் அனேகமாக இல்லை.

நம் ஊரில் ‘சித்தி கொடுமை’ என்றால் விளக்கமே தேவையில்லை. மத்திய அரசு நிதி தரவில்லை என்றால் எந்தக் கட்சிக்காரருக்கும் வாயில் முதலில் வருவது ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’தான். சட்டசபைக் குறிப்பிலேயே ஏறிவிட்ட வசவு அது. இப்படியொரு பேர் காத்திருக்கும் இடத்துக்குத்தான் ஒருத்தி கழுத்தை நீட்டி வருகிறாள். எதிர்ப் பக்கத்துக் கதை நம்மிடம் இல்லாமலில்லை. தென்னார்க்காட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு நச்சுப்பொய்கை தெரியும். செத்துக் கிடக்கும் தம்பிகளில் ஒருவனுக்குத்தான் உயிர் என்றபோது, தருமன் தன் தாய் வயிற்றுப் பிள்ளைகளை விட்டு மாத்ரியின் பிள்ளையைக் கேட்கிறான். குந்திக்கு நான் இருக்கிறேன், மாத்ரிக்கு ஒருவன் வேண்டாமா என்பது அவன் நியாயம். மாத்ரி பெற்ற இருவரையும் வளர்த்து ஆளாக்கியவள் குந்தி. அவள் பேரைச் சொல்லி ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்று எந்த அமைச்சரும் பாராட்டியதாகத் தெரியவில்லை.

பதினாலு வயசு

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மஞ்சக்குப்பத்துக்காரர், புனேயில் பத்து வருஷ வேலை. அங்கே உடன் வேலை பார்த்த மராத்திப் பெண்ணை மணக்கிறார். அந்தப் பெண்ணுக்கு முதல் கல்யாணத்தில் பதினாலு வயதில் ஒரு மகன். அம்மா அப்பாவை இங்கே தனியாக விட முடியாமல் கடலூருக்குக் குடிவருகிறார்கள். பையன் சப்பாத்தி, வரண்-பாத் சாப்பிட்டு வளர்ந்தவன். காலையில் இட்லி பரவாயில்லை. மதியம் வீடு முழுக்க நிறைகிற கருவாட்டுக் குழம்பு வாசனைதான் அவனுக்குச் சோதனை. புது அப்பாவை என்னவென்று கூப்பிடுவது? அவன் ஊர் வழக்கப்படி ‘காகா’ (சித்தப்பா) என்கிறான். பாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள்.

சிரிக்கலாம், முதல் மாதம் வரைக்கும். பிறகு கதவு சாத்தப்படுகிறது. நம் வீடுகளில் பகலில் அறைக்கதவைச் சாத்துவதே ஒரு குற்றம். ‘என்னடா உள்ளே பண்றே?’ என்று நாலு பேர் தட்டுவார்கள். அவனுக்கு அந்தக் கதவு ஒன்றுதான் மிச்சம். ஃபோனில் பழைய நண்பர்களோடு மராத்தியில் பேசுகிறான். அந்த நேரத்தில் மட்டும் அவன் குரல் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த குரலாக இல்லை, சத்தமாக, வேகமாக, கேலியாக இருக்கிறது. அதைக் கேட்கும் புது அப்பாவுக்கு வலிக்கும். நம்மோடு ‘ம்’ என்பதற்கு மேல் வாய் திறக்காதவன் அங்கே இப்படிப் பேசுகிறானே என்று. வலிப்பது இயற்கை. அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுவதுதான் பிழை.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் முப்பது ஆண்டுகளுக்குமேல் மணமுறிவும் மறுமணமும் கண்ட குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தவர். பிள்ளை பதின்பருவத்தில் காலெடுத்துவைக்கும் பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட வயதில் நடக்கும் மறுமணம்தான் மிகக் கடினம் என்பது அவர் கண்டது. சின்னக் குழந்தை மடியில் ஏறிவிடும். இருபது வயதுக்காரன் தன் வழியில் போய்விடுவான். நடுவில் இருப்பவன் ஏற்கெனவே பெற்றவர்களிடமிருந்தே விலகத் தொடங்கியிருப்பான். அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒருவரிடம் நெருங்கச் சொல்கிறோம். மாற்றுக் குடும்பங்களோடு நெடுங்காலம் பணியாற்றிய பேட்ரீஷியா பேப்பர்நோ இன்னொரு கணக்குச் சொல்கிறார். விரைவாகப் பொருந்திப்போகும் குடும்பங்களுக்கே நாலு ஆண்டு ஆகிறது, சராசரி ஏழு. பதினாலில் வந்தவனுக்கு ஏழைக் கூட்டினால் இருபத்தொன்று. அதற்குள் அவன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய், வேலைக்கும் கிளம்பியிருப்பான். ஒரே கூரையின் கீழ் இந்த உறவு முழுசாகக் கனியப் போவதில்லை என்ற கணக்கை முதல் நாளே போட்டுக்கொள்வது நல்லது. அவசரம் தானாகக் குறையும்.

இதோடு பண்பாட்டு இடமாற்றமும் சேர்கிறது. பெற்றோரின் ஊரும் இல்லாமல் வந்த ஊரும் இல்லாமல் நடுவில் வளரும் பிள்ளைகளுக்கு ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்று பேர் வைத்தவர் ரூத் யூசீம் என்ற சமூகவியலாளர். கணவர் ஜான் யூசீமோடு 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராயும்போது பிறந்த கருத்து அது. அந்தப் பிள்ளைகளிடம் ‘உன் ஊர் எது?’ என்பதுதான் பதில் இல்லாத கேள்வி. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி முடிவதற்குள் அந்தக் கேள்வி பத்துப் பேரிடமிருந்து வந்துவிடும். கூடவே, ‘உங்க அப்பா இப்ப எங்கப்பா இருக்காரு?’, ‘இது மூத்த தாரத்துப் பிள்ளையா, கூட்டிட்டு வந்த பிள்ளையா?’ என்பதும். கேட்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. பதில் சொல்லும் வேலையைப் பையன் தலையில் விடாமல், பக்கத்தில் நிற்கும் பெரியவர் ‘எங்க வீட்டுப் பிள்ளை, ஒன்பதாவது படிக்கிறான்’ என்று முடித்துவிட்டால் போதும்.

என் கட்சி இதுதான்: இப்படி வரும் பிள்ளைக்கு வீட்டில் இடத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும், பாசத்தை அவனிடம் கேட்டு வாங்கக் கூடாது. இடம் என்றால் சாத்திக்கொள்ள ஒரு கதவு, வாரத்தில் ரெண்டு நாள் அவன் ஊர்ச் சாப்பாடு, பெற்ற அப்பாவோடு பேச யாரும் ஒட்டுக்கேட்காத அரை மணி நேரம், லீவில் புனேக்கு ஒரு ரயில் டிக்கெட். இரணியவன்மனைக் கௌட நாட்டுக்கு அனுப்பிவைத்தார்களே, அந்தத் துணிச்சல். புது அப்பாவைப் பிடித்துப்போனால் பழைய அப்பாவுக்குத் துரோகம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும் பையனுக்கு, போய்வரலாம் என்ற அனுமதியே பாதி மருந்து.

கண்டிப்பது யார் என்பது அடுத்த சிக்கல். நம் ஊரில் ஆம்பிளை வீட்டுக்கு வந்தால் அதட்டல் அவர் வேலை என்று விட்டுவிடுவோம். ஹெதரிங்டன் உள்ளிட்டவர்கள் சொல்வது இதற்கு நேர்மாறானது. தொடக்க வருஷங்களில் அதட்டலும் அனுமதியும் பெற்றவரிடமே இருக்க வேண்டும். புதிதாக வந்தவர் அதை ஆதரித்து நிற்கலாம், தானே கையில் எடுக்கக் கூடாது. நம் கூட்டுக் குடும்பத்தில் இதற்கு ஒரு இடைஞ்சல் உண்டு: தாத்தா, பாட்டி, அத்தை என்று அதட்ட உரிமை உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கும் பொறுப்பு அந்த வீட்டுப் பிள்ளையான கணவருக்குத்தான். புதிதாக வந்த மராத்தி மருமகள் சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும்.

சில இடங்களில் அவனுக்கே நம்மைவிட அதிகம் தெரியும். விநாயகர் சதுர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கணபதியோடு வளர்ந்தவன் அவன். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் பிள்ளையாரைக் கரைக்க ஊர் திரளும் அன்றைக்கு, அவன் சொல்லவும் மற்றவர்கள் கேட்கவும் வாய்ப்பு. மார்கழித் திருவாதிரையில் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போய்க் களியும், இன்னொரு நாள் சம்பா சாதமும் கொத்சுவும் வாங்கிக் கொடுக்கும் ஆர்வம் நமக்கு இருக்கும். கொடுக்கலாம். அவன் பாதி வைத்துவிட்டு எழுந்தால் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடமும் பத்திரமும்

பாசத்துக்குக் காலம் இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு இல்லை. 2006-ம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் 2006-07-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் புனேப் பையன், இரண்டே ஆண்டில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு சமமாகத் தமிழ்த் தேர்வு எழுத வேண்டும். மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்காக நீதிமன்றம் வரை போய் விலக்கு வாங்கிய ஆண்டுகள் உண்டு. சேர்க்கும் முன்பே இதை விசாரித்து, எந்தப் பாடத்திட்டம் என்று முடிவு செய்யாவிட்டால், வீட்டில் வரும் முதல் பெரிய சண்டை திருக்குறள் மனப்பாடத்தை வைத்து வரும். திருவள்ளுவர் மேல் அவனுக்கு வரும் கோபம் நியாயமானதாகவும் இருக்கும்.

அடுத்து, படிவத்தில் கையெழுத்து. 1956-ம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவு, இயற்கைக் காப்பாளரான தாய், தந்தை என்பதில் மாற்றாந்தாயும் மாற்றாந்தந்தையும் சேரமாட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சோறு போடலாம், ஃபீஸ் கட்டலாம், ராத்திரி ஜுரத்தில் தூக்கிக்கொண்டு ஓடலாம். சட்டப்படி இயற்கைக் காப்பாளர் ஆக முடியாது. தத்து எடுத்துவிடலாமே என்றால், அதே 1956-ன் இந்துத் தத்தெடுப்புச் சட்டம் பதினைந்து வயது நிறைந்தவனைத் தத்தெடுக்க விடாது. சாதி, குடும்ப வழக்கம் இருந்தால்தான் விலக்கு. பதினாலில் வந்தவனுக்கு அந்தக் கதவு ஓராண்டில் அடைபட்டுவிடும். சிறார் நீதிச் சட்டம் பதினெட்டு வரை வழி விடுகிறது. அதன் கீழ் 2022-ம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிமுறைகளில் மாற்றுப் பெற்றோருக்கென்று தனி ஏற்பாடு உண்டு: உயிரோடிருக்கும் பெற்ற அப்பாவின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், பையனின் சம்மதமும் வேண்டும், ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். விவாகரத்தில் பிரிந்தவரிடம் ‘உன் மகனை எனக்குத் தத்துக் கொடு’ என்று கையெழுத்துக் கேட்கப் போவது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பையனிடம் கேட்பது அதைவிடக் கஷ்டம். அவன் ‘வேண்டாம்’ என்றால் அதை மதிக்கும் மனசு இருந்தால்தான் கேட்கவே வேண்டும்.

பெயர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் ஆந்திரப் பக்கத்து வழக்கு ஒன்றில் தெளிவாகப் பேசியது. கணவர் இறந்தபின் மறுமணம் செய்துகொண்ட அகெல்லா லலிதா, பிள்ளைக்குப் புதுக் கணவரின் குடும்பப் பெயரை வைத்தார். பழைய கணவரின் பெற்றோர் வழக்குப் போட, ஆவணங்களில் புதுக் கணவரை ‘மாற்றாந்தந்தை’ என்று குறிக்கும்படி உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. பிள்ளையின் மனசைப் பற்றி யோசிக்காத கொடுமை அது என்ற பொருளில் கண்டித்து, உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது.

கடைசியில் சொத்து. மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன் எழுதிய ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலில், வெள்ளைக்காரத் தோற்றமுள்ள ஹென்றி தன்னை வளர்த்த சபாபதி பிள்ளையின் கிராமத்துக்கு வருகிறான். சொத்தை ஆண்டுவரும் துரைக்கண்ணு வெட்டுக்குத்தில் இறங்குவார் என்று ஊர் காத்திருக்க, ஹென்றியோ எதற்கும் உரிமை கொண்டாடுவதில்லை. துரைக்கண்ணு அவனைக் கட்டிக்கொள்கிறார். படித்தவர்கள் மறக்காத இடம். ஆனால் ஹென்றியின் பெருந்தன்மையை நம்பி நம் வீட்டுக் கணக்கை விட்டுவைக்க முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ‘மகன்’ என்பதில் மாற்று மகன் அடங்கமாட்டான். புது அப்பா உயில் எழுதாமல் கண்ணை மூடினால், ஏழு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட பையனுக்கு அந்தச் சொத்தில் பிடிமானம் இல்லை. மாற்றாந்தாய் சொத்தில் வேறு கணக்கு: அவளுக்குப் பெற்ற பிள்ளை, கணவர் யாரும் இல்லாவிட்டால், கணவரின் வாரிசு என்ற முறையில் அவன் வரலாம் என்று 1987-ல் லச்மன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

இந்தக் கணக்கு எதிர்ப்பக்கமும் ஓடும். 1996-ல் கீர்த்திகாந்த் வடோதரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: பெற்ற பிள்ளை இல்லாத மாற்றாந்தாய், விதவையாக இருந்தால் அல்லது கணவருக்குக் காப்பாற்றும் சக்தி இல்லாமல் போனால், மாற்று மகனிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். இயற்கைக் காப்பாளராகக் கையெழுத்துப் போட அவளுக்குத் தகுதி தராத சட்டம், வயதான காலத்தில் அவன் வாசலில் போய் நிற்க மட்டும் வழி வைத்திருக்கிறது. மாற்றாந்தந்தைக்கு அந்த வழக்கில் அப்படி எந்த வாக்கும் இல்லை. கடலூர் கோர்ட் பக்கம் ஒரு வக்கீலைப் பார்த்து உயில் எழுதுவது ஒரு நாள் வேலை; பையனுக்குப் பதினெட்டு முடிவதற்குள் அதை முடித்து, எழுதியிருப்பதை அவனிடமும் சொல்லிவிடலாம்.